பழைய ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ பார்த்தவர்கள் புதியதைப் பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மனசுக்கு நெருக்கமான ஒரு தொடரை மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்றால் பழைய ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கெடுத்திருப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். நன்றாகவே எடுத்துவிட்டால், இத்தனை வருடம் நாம் தூக்கிக் கொண்டாடிய பழையது என்ன ஆகும் என்ற கவலை இன்னொரு பக்கம். 2001-ல் வந்த ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ அனிமேவை நேசித்தவர்கள் பலர் 2019-ல் தொடங்கிய ரீமேக்கை இன்னும் தொடாமலே வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். அவர்களுக்காகவும், இரண்டையுமே பார்க்காமல் எங்கிருந்து தொடங்குவது என்று குழம்புகிறவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி. பழைய தொடரின் முடிவைப் பற்றி இதில் பேசியிருக்கிறேன். புதியதன் பெரிய திருப்பங்களைச் சொல்லவில்லை.

முதலில் கணக்கு

நட்சுகி தகாயா எழுதி வரைந்த ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ மங்கா, ‘ஹனா தோ யுமே’ இதழில் 1998-ல் தொடங்கி 2006-ல் முடிந்தது. மொத்தம் 23 தொகுதிகள். அதை முதன்முதலில் அனிமேவாக எடுத்தது ஸ்டூடியோ டீன், இயக்கியவர் அகிதரோ தாய்ச்சி. 2001 ஜூலையில் ஒளிபரப்பாகத் தொடங்கி டிசம்பரில் 26 எபிசோடோடு முடிந்துபோனது. அப்போது மங்கா முடிய இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கதாசிரியரே முடிவை எட்டாத நிலையில், கையில் இருந்த கதைக்கு ஒரு முடிவைத் தைத்து மூடினார்கள்.

அந்தக் காலத்து அனிமேக்கள் பலவற்றின் தலையெழுத்து இது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ 2003-ல் தொடங்கி, மங்காவை விட்டு விலகித் தன் வழியில் போய் முடிந்தது. 2009-ல் ‘பிரதர்ஹுட்’ என்ற பெயரில் மூலக்கதையை ஒட்டி மறுபடி எடுத்தார்கள். ‘ஹன்டர் x ஹன்டர்’ 1999-ல் ஒருமுறை, 2011-ல் ஒருமுறை வந்தது. ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ ரீமேக்கும் இந்த வரிசைதான்.

புதியதைத் தயாரித்தது டிஎம்எஸ் என்டர்டெயின்மென்ட். இயக்கம் யோஷிஹிதே இபாதா, திரைக்கதைப் பொறுப்பு தகு கிஷிமோதோ, மேற்பார்வை தகாயாவே. 2019-ல் 25, 2020-ல் 25, 2021-ல் 13 என மூன்று சீசன்களில் 63 எபிசோடுகள். இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பழைய தொடர் முழுவதும் சொன்ன கதை, புதியதில் முதல் சீசனோடு முடிந்துவிடுகிறது. மீதி 38 எபிசோடுகளும் பழைய ரசிகர் அனிமேவாகப் பார்த்திராதவை. ரீமேக் என்கிறோமே தவிர, பாதிக்கு மேல் புத்தம் புதுத் தொடர்தான்.

கதை தெரியாதவர்களுக்கு

தோரு ஹோண்டா பள்ளி மாணவி. அப்பா முன்பே போய்விட்டார், அம்மா க்யோகோவும் சாலை விபத்தில் இறந்துபோகிறார். தாத்தா வீட்டில் வேலை நடப்பதால் யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்று காட்டோரமாகக் கூடாரம் போட்டுத் தனியாகத் தங்குகிறாள். அந்த நிலம் சோமா என்ற பெரிய குடும்பத்துக்குச் சொந்தம். எழுத்தாளர் ஷிகுரே, தோருவோடு படிக்கும் யுகி, பிறகு கூரையை உடைத்துக்கொண்டு வந்து விழும் க்யோ ஆகியோர் இருக்கும் வீட்டில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. சோமா குடும்பத்தில் சிலருக்கு ஒரு சாபம். எதிர்ப்பாலார் கட்டிப்பிடித்தால் சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு மிருகங்களில் தங்களுக்குரியதாக மாறிவிடுவார்கள். யுகி எலி, ஷிகுரே நாய். பன்னிரண்டில் சேராத பூனை, க்யோ.

கடவுள் மிருகங்களை விருந்துக்கு அழைத்தார், எலி பூனையிடம் நாளை மாற்றிச் சொல்லிவிட்டது, பூனை விருந்தைத் தவறவிட்டது என்பது பழங்கதை. சின்ன வயதில் அதைக் கேட்ட தோரு, நான் நாய் வருடத்தில் பிறந்தவளாக இருக்க மாட்டேன், பூனையாகிவிடுகிறேன் என்று சொன்னவள். மொத்தத் தொடருக்கும் விதை அதில் இருக்கிறது.

எதை முதலில் பார்ப்பது?

புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் எளிது. 2019 தொடரின் முதல் எபிசோடில் தொடங்கி நேராகப் போங்கள். அது பிடித்திருந்தால் பழையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ரசிகர்களுக்கு இரண்டு சபலங்கள் வரும். பழையதை முழுக்க ஒருமுறை ஓட்டிவிட்டுப் புதியதற்குப் போகலாம் என்பது முதலாவது. வேண்டாம். ஒரே கதையை அடுத்தடுத்து இரண்டு முறை பார்த்தால் புதிய தொடரின் முதல் சீசன் பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோல ஆகிவிடும், ஒவ்வொரு காட்சிக்கும் மார்க் போட்டுக்கொண்டிருப்பீர்கள். நினைவில் மங்கலாக இருப்பதே நல்லது.

இரண்டாவது சபலம் இன்னும் ஆபத்தானது: முதல் சீசன் தெரிந்த கதைதானே, நேரே இரண்டாம் சீசனுக்குத் தாவிவிடலாம் என்பது. தாவினால் நிச்சயம் தடுக்கி விழுவீர்கள். 2001-ல் எடுத்தவர்களுக்குக் கதை எங்கே போகும் என்று தெரியாது. 2019-ல் எடுத்தவர்களுக்குக் கடைசிப் பக்கம் வரை தெரியும். அதனால் முதல் சீசன் முழுக்க, பின்னால் வெடிக்கப்போகும் விஷயங்களை ஓசைப்படாமல் புதைத்துக்கொண்டே போகிறார்கள். அதைத் தவறவிட்டு மூன்றாம் சீசனில் அழ முடியாது.

தொடக்கத்தில் காது பழகட்டும்

படம் ஒரு நிமிடத்தில் பழகிவிடும். கோடுகள் கூர்மையாகியிருக்கின்றன, வெளிச்சம் கூடியிருக்கிறது, திரை அகலமாகிவிட்டது. அவ்வளவுதான். முரண்டு பிடிப்பது காதுதான்.

ஜப்பானிய ஒலியில் குரல் நடிகர்கள் எல்லாருமே புதியவர்கள். பழைய தோருவுக்கு யுய் ஹோரியே, புதிய தோருவுக்கு மனாகா இவாமி. இதைக்கூடச் சமாளித்துவிடலாம். யுகிதான் சிக்கல். பழைய தொடரில் யுகிக்குக் குரல் கொடுத்தவர் அயா ஹிசகாவா என்ற பெண் கலைஞர். பள்ளியே ‘இளவரசன்’ என்று கொண்டாடும் அந்தப் பையனுக்கு அது ஒரு எட்டாத மென்மையைக் கொடுத்தது. புதியதில் நொபுனகா ஷிமசாகி. முதலில் யாரோ வேற்று ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் இரண்டாம் சீசனில் யுகி தன் பால்யத்தைத் திரும்பிப் பார்க்கும் இடங்களில், மென்மைக்கு அடியில் கோபமும் வெட்கமும் ஓடுகிற இந்தக் குரல் எதற்கென்று புரியும்.

ஆங்கில டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை. தோருவாக லாரா பெய்லி, க்யோவாக ஜெரி ஜ்யூவெல், யுகியாக எரிக் வேல் ஆகிய மூவருமே பதினேழு பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே பாத்திரங்களுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பழைய ஏக்கம் பெரிதாக இருப்பவர்கள் முதல் சீசனை ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு, இரண்டாம் சீசனிலிருந்து ஜப்பானியத்துக்கு மாறலாம். இப்படி மாறுவது குற்றம் என்று சொல்லும் ரசிகப் போலீஸை நான் மதிப்பதில்லை.

முகப்புப் பாடலைப் பற்றி ஒரு வார்த்தை. ரிட்சுகோ ஒகசாகி எழுதிப் பாடிய பழைய முகப்புப் பாடலுக்கு ஈடு புதியதில் கிடையாது. பெவர்லி பாடும் ‘அகெய்ன்’ நல்ல பாட்டுதான். ஆனால் ஒகசாகி தாலாட்டுகிற மாதிரிப் பாடுவார். 2004-ல் அவர் மறைந்துவிட்டார். அந்த இழப்பை இழப்பாகவே வைத்துக்கொண்டு மேலே போக வேண்டியதுதான்.

முதல் சீசனில் எதைக் கவனிப்பது?

தொடருக்குப் பெயர் தந்த விளையாட்டைக் கவனியுங்கள். குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழத்தின் பெயர். தன் பழத்தைக் கூப்பிட்டால் எழுந்து ஓடி இடம் மாற வேண்டும். சின்னத் தோருவுக்கு மட்டும் ஒரு பையன் ‘ஒனிகிரி’ என்று பெயர் வைத்துவிடுகிறான். ஒனிகிரி என்பது சோற்று உருண்டை. பழக்கூடையில் சோற்று உருண்டையை யார் கூப்பிடப் போகிறார்கள்? கடைசி வரை அவள் உட்கார்ந்தே இருக்கிறாள், அது அவமானம் என்றுகூடத் தெரியாமல்.

இதே ஒனிகிரி இன்னொரு காட்சியில் திரும்ப வரும். தன்னிடம் நல்லது எதுவுமே இல்லை என்று குமுறும் க்யோவிடம் தோரு சொல்கிறாள்: ஒவ்வொருவரின் நல்ல குணமும் ஒனிகிரியின் முதுகில் ஒட்டிய ஊறுகாய்ப் பழம் மாதிரி. முதுகில் இருப்பதால் அவரவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு, உங்கள் முதுகில் எனக்குத் தெரிகிறது என்கிறாள். இரண்டு தொடர்களிலும் இருக்கும் காட்சி. பழையதில் இதை ஓர் இனிய அறிவுரையாகக் கேட்டிருப்போம். இப்போது கேட்கும்போது, இதைச் சொல்கிறவள் தன் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறைக்கும். புதிய தொடர் அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டுதான் தோருவை மெல்ல மெல்லத் திறந்து காட்டுகிறது.

தோரு ஏன் எல்லாரிடமும் அளவுக்கு மீறிய பணிவோடு பேசுகிறாள்? வாய் திறந்தால் அம்மா புராணம் பாடுகிறவள் அப்பாவைப் பற்றி ஏன் ஒன்றுமே சொல்வதில்லை? அவள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்தப் பழைய தொப்பி யாருடையது? இந்த மூன்று கேள்விகளையும் மனசின் ஓரத்தில் முடிந்துவையுங்கள். மூன்றுக்கும் பதில் வரும், ஒன்றுகூட வீணாகாது.

நகைச்சுவையில் பழையதுதான் மேல் என்பது என் கட்சி. தாய்ச்சி ‘கொடொமோ நோ ஒமோச்சா’ எடுத்தவர். அவருக்கு முகத்தைக் கோணலாக்கி, தலையைப் பெரிதாக்கி, அரை நொடி தாமதித்து அடிக்கிற கலை கைவந்தது. பாம்பு ராசிக்காரரான யுகியின் அண்ணன் அயாமே வீட்டுக்குள் நுழையும்போது வீடே திமிலோகப்படும். புதியதிலும் அவர் வருகிறார், நாம் சிரிக்கிறோம். ஆனால் விழுந்து விழுந்து சிரிப்பதில்லை.

ஒப்பிட வேண்டிய ஒரே இடம்: அந்த மழை இரவு

இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்த பகுதி ஒன்று உண்டு. பழையதில் கடைசி மூன்று எபிசோடுகள், புதியதில் 24, 25. க்யோவின் வளர்ப்பு அப்பாவும் குருவுமான கசுமா, அவன் மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் மணிமாலையைத் தோருவின் கண்ணெதிரே உருவிவிடுகிறார். பூனைக்குள் ஒளிந்திருந்த உண்மை உருவம் வெளியே வருகிறது. கோரமான உருவம், குடலைப் புரட்டும் நாற்றம். க்யோ காட்டுக்குள் ஓடுகிறான். கொட்டும் மழையில் தோரு பின்னாலேயே ஓடுகிறாள்.

அங்கே நடப்பதை நிதானமாகப் பாருங்கள். தோரு அவனிடம், நீ எப்படி இருந்தாலும் எனக்குப் பயமில்லை என்று வீரவசனம் பேசுவதில்லை. பயப்படுகிறாள், அதை மறைக்கவும் இல்லை. பயத்தோடேயே அவன் கையைப் பற்றிக்கொண்டு, சேர்ந்து சாப்பிட வேண்டும், சேர்ந்து வீட்டில் இருக்க வேண்டும் என்கிறாள். க்யோவைப் பெற்ற தாய் இதற்கு நேர்எதிர். உன்னை உயிராக நேசிக்கிறேன் என்று ஓயாமல் சொன்னவர், மணிமாலை கையில் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை பதறிப்பதறிப் பார்த்தவர். மகனை வெளியே காட்டாமல் ஒளித்து வளர்த்தவர். பயத்தை அன்பென்று பொய் சொன்ன தாய்க்கும், பயத்தைப் பயமாகவே ஒப்புக்கொண்டு நிற்கும் தோருவுக்கும் உள்ள தூரம்தான் அந்தக் காட்சி. புதிய தொடர் அதை அவசரப்படாமல் எடுத்திருக்கிறது.

அதன்பிறகு இரண்டு தொடர்களும் பிரிகின்றன. பழையது, குடும்பத்தின் தலைமைப் பீடத்தில் இருக்கும் அகிதோவிடம் தோருவைக் கூட்டிப்போய் நேருக்கு நேர் பேசவைத்துக் கதையை மூடிவிடுகிறது. அதை இரண்டு தசாப்தங்களாக முடிவென்று நம்பியிருந்தோம். புதியதில் அந்த இரவு வெறும் தொடக்கம். சாபம் அப்படியே இருக்கிறது, அகிதோவை நமக்கு இன்னும் தெரியவே தெரியாது.

இரண்டாம் சீசன்: ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள்

இங்கிருந்து பழைய ரசிகரும் புதியவரும் சமம். பழைய தொடரில் ராசி மிருகங்கள் பன்னிரண்டு பேரும் வரவேயில்லை என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டோம். குதிரையான ரின்னும் சேவலான குரேனோவும் அதில் கிடையாது. யுகியின் மாணவர் மன்றத் தோழர்கள் மனாபே, மச்சி இருவரும் கிடையாது. பழையதில் முக்கோணக் காதலின் ஒரு மூலையாகவே நின்றுபோன யுகி, இங்கேதான் தனி மனிதனாகிறான். சின்ன வயதில் இருட்டறையில் அடைக்கப்பட்டுக் கிடந்தவன், தோருவிடம் தான் எதைத் தேடினோம் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ளும் இடம் இந்த சீசனின் உச்சம். என்னைக் கேட்டால் மொத்தத் தொடரின் உச்சமும் அதுதான்.

நாளுக்கு இரண்டு எபிசோடு போதும். ஒவ்வொருவர் வீட்டுக் கதையும் கனமானது, அடுத்தடுத்துப் பார்த்தால் மரத்துப்போகும். சோமா குடும்பத்துச் சிறுமி கிசா பள்ளியில் பட்ட கேலியால் பேச்சையே நிறுத்தியதும், அதே குடும்பத்துச் சிறுவன் மொமிஜியின் அம்மா அவனைத் தன் நினைவிலிருந்தே அழிக்கச் சொன்னதும் முதல் சீசனிலேயே வந்துவிடும். அதைவிட இறுக்கமான கதைகள் இதில் காத்திருக்கின்றன.

மூன்றாம் சீசன்: குறையைத் தெரிந்துகொண்டே உட்காருங்கள்

முதல் சீசன் ஏறக்குறைய ஆறு தொகுதிகளை 25 எபிசோடில் சொன்னது. மிச்சமிருந்த 17 தொகுதிகளுக்கு 38 எபிசோடுகள்தான். நெரிசல் மூன்றாம் சீசனில் நன்றாகவே தெரிகிறது. அழுது முடிப்பதற்குள் அடுத்தவர் கதை வந்துவிடும். தோருவின் பெற்றோர் கதையை டிவியில் விட்டுவிட்டுப் பிறகு தனிப்படத்துக்குக் கொண்டுபோனார்கள். தோழிகள் உவோதானிக்கும் ஹனாஜிமாவுக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு குறை தயாரிப்பாளர்களுடையதில்லை, மூலக்கதையுடையது. குடும்ப மருத்துவர் ஹதோரியின் கண்ணையும் ரின்னின் உடம்பையும் நாசமாக்கிய அகிதோவுக்குக் கதை காட்டும் பரிவு எல்லாருக்கும் செரிக்காது. அகிதோவின் பால்யத்தை வைத்து தகாயா அதை நியாயப்படுத்துகிறார். எனக்குப் பாதிதான் சமாதானம். இதைப் பற்றி நண்பர்களோடு சண்டை போடலாம், தொடர் அதற்குத் தாங்கும்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன்: க்யோ தோருவிடம் தான் இத்தனை நாள் மறைத்ததைக் கொட்டும் எபிசோடுக்காகவே இந்த 63-ஐயும் எடுத்திருக்கலாம்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

இளஞ்சிவப்பு நிறத்தையும் குட்டி மிருகங்களையும் பார்த்து ஏமாந்து சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். பெற்றோரே குழந்தையை ஒதுக்குவது, அடிப்பது, தற்கொலை எல்லாம் கதையில் வருகின்றன. உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அந்த வயதுக்கு இது நல்ல தொடரும்கூட.

கடைசியில் எஞ்சுவது

63 எபிசோடும் முடிந்த பிறகு, 2022-ல் வந்த ‘ப்ரெலூட்’ திரைப்படத்தைப் பாருங்கள். முன்கதை என்று பெயர் இருப்பதால் முதலிலேயே பார்த்துவிடக் கூடாது. க்யோகோவின் கதையோடு, தொடரின் முடிவுக்குப் பிந்தைய காட்சிகளும் அதில் இருக்கின்றன. க்யோகோ காதலித்த கட்சுயா, க்யோகோ படித்த பள்ளிக்குப் பயிற்சி ஆசிரியராக வந்தவர். இன்றைய கண்ணுக்கு அது நெருடும், தெரிந்தே போங்கள்.

நெரிசலில் நசுங்கியதை நிதானமாக அனுபவிக்க வேண்டுமென்றால் மங்காதான் வழி. ஆங்கிலத்தில் யென் பிரஸ் 12 தடித்த தொகுதிகளாகப் போட்டிருக்கிறது. புதிய தொடர் கிரஞ்சிரோல் தளத்தில் இருக்கிறது. சந்தா கட்டுமுன் உங்கள் நாட்டில் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

தேடும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. தொடரின் பெயரை மட்டும் தேடுங்கள், அகிதோ என்ற பெயரைத் தட்டவே தட்டாதீர்கள். இரண்டாம் சீசன் பாடுபட்டுக் காப்பாற்றும் ரகசியத்தைத் தேடலின் முதல் வரியே போட்டு உடைத்துவிடும்.